பதிப்பாசிரியரும் மேற்கோட் கணக்கும்

இக்காலத்தே ஒரு கல்விமானின் பெருமையை அளத்தற்குப் புதியதோர் அளவுகோல் வந்துளது. அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் மேற்கோளாக எடுத்தாண்ட தடவைகள் எத்தனை என்று எண்ணி, ஓர் இலக்கத்தால் அவரைக் குறித்துவிடுகின்றனர். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய யூஜின் கார்பீல்டு விஞ்ஞானிகளின் பொருட்டு வெளியிட்ட மேற்கோளடைவே இவ்வழக்கத்திற்கு வித்து. 2016 முதல் மத்திய அரசாங்கம் வெளியிட்டு வரும் கல்விநிறுவனத் தரவரிசையிலும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்னும் அடைவுகளின் எண்ணிக்கை கணக்கில் ஏறுகின்றது. விஞ்ஞானத்திற்கு இது பொருந்துமோ பொருந்தாதோ, அதனை விஞ்ஞான மாணவ நண்பர்களே உரைப்பாராக. தமிழ்நாட்டுச் சமய சரித்திரத்திற்கு இது பொருந்தாது என்பதே எமது துணிபு. ஒருவரைக் கொண்டு இதனை விளக்குவாம்.

அவர் இயேசு சபைக் குருவாகிய இராசமாணிக்கம் அடிகளார். ('சைவ சமய வளர்ச்சி' எழுதிய மா. இராசமாணிக்கனார் வேறு, இவர் வேறு. பெயரை மட்டும் நோக்கி எண்ணும் கணக்கு இவ்விருவரையும் எங்ஙனம் பிரித்தறியுமோ, அறியோம்.) தத்துவ போதகர் என வழங்கிய இராபர்ட் தெ நொபிலி 1577-இல் உரோமையிற் பிறந்து, 1606-இல் மதுரை வந்து, 1656-இல் மயிலாப்பூரில் மரித்தவர். அவர் தமிழில் எழுதிய உரைநடை நூல்கள் முந்நூறு ஆண்டுகளின் பின்னர் அடிகளாரின் உழைப்பால் செவ்விய பதிப்புகளாக வெளிவந்தன. 'தூஷண திக்காரம்' 1964-இலும், 'ஆத்தும நிருணயம்' 1967-இலும் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தால் வெளியிடப்பெற்றன. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தை 1963-இலும், 1586-இல் அச்சான 'அடியார் வரலாற்'றை 1967-இலும் பதிப்பித்தவரும் அவரே. நொபிலியைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1972-இல் பாளையங்கோட்டையினின்று வெளிவந்தது.

அக்காலத்து ஏடுகளிற் புள்ளி இராது. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒன்றுபோலக் கிடக்கும். இத்தகைய எழுத்தில், வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் விரவிய தத்துவ வாக்கியங்களைப் பாடந் தெரிந்து பதிப்பித்தல் எளிய காரியமன்று. ஒரு பக்கத்திற்கு ஒரு வாரம் சென்றாலும் வியப்பில்லை.

இவ்வுழைப்பு மேற்கோட் கணக்கில் என்னவாகின்றது? 2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் வகுத்த குறியெண்படி, ஒருவர் ஒரே நூல் இயற்றி அதனை ஆயிரவர் எடுத்தாண்டாலும் அவருக்குக் கிடைப்பது ஒன்று என்னும் எண்ணே. தமிழ்ச் சஞ்சிகைகளும் தூத்துக்குடிப் பதிப்புகளும் அவ்வடைவுகளின் கண்ணிற் படுதல் அரிதினும் அரிது. இவற்றினும் பெரிய குறை பிறிதொன்றுண்டு. 'ஆத்தும நிருணய'த்தை எடுத்தாள்பவர் நொபிலி என்று மட்டும் குறித்தால், மேற்கோள் நொபிலிக்குச் செல்லும். நூலை நம் கைக்குக் கொணர்ந்தவர் பெயர் மறைந்துபோம். 1999-இல் இனெஸ் ஜுபனோவ் மதுரை மிஷன் பற்றி எழுதிய நூலும், 2000-இல் ஆனந்த் அமலதாசும் பிரான்சிஸ் குளூனியும் வெளியிட்ட நொபிலி மொழிபெயர்ப்பும் அடிகளாரின் பணியைத் துணைக்கொண்டே நடந்தவை. அத்துணையின் அளவை எந்த இலக்கம் காட்டும்?

நிற்க. குற்றம் முழுவதும் அடைவுகாரர் மேலதன்று. தொல்காப்பியர் முன்னோர் கருத்தைக் கூறும் பலவிடங்களில் 'என்ப' என்று சொல்கின்றார். அம்மரபில் வந்த தமிழரே இன்று பிறர் ஆராய்ச்சியை எடுத்தாண்டு பெயர் கூறாதொழிகின்றனர். தமிழ் நூல்கள் பலவற்றில் அடிக்குறிப்பும் இல்லை, பொருளகராதியும் இல்லை. புறநானூறு என்றவுடன் 1894-ஆம் ஆண்டு ஐயர் பதிப்பு என்று நாவில் வருகின்றது. கிறிஸ்தவ உரைநடை நூலுக்கு மட்டும் அது வருவதில்லை. இப்பாகுபாடு ஏனோ?

இது கொங்கு நாட்டாராகிய எமக்குத் தொலைவான சங்கதியன்று. நொபிலி 1623-இல் மதுரையை விட்டுப் புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் ஆகிய இடங்களுக்கு வந்தார். அப்பயணத்தின் சரித்திரத்தைத் தமிழில் விரித்து எழுத வேண்டுவோர் எம்மவரே. ஆனால் அத்தகைய நூலுக்கு அடைவுகளில் இடமில்லை எனின், பதவியுயர்வை நோக்கும் இளம் ஆசிரியர் எவர் அதிற் கை வைப்பர்? ஐந்தாண்டு ஏட்டோடு போராடுவதினும் ஐந்து சிறு கட்டுரை ஆங்கிலத்தில் எழுதுதல் அவருக்கு லாபம். ஆகவே, கலாசாலைகளில் ஆராய்ச்சியை மதிப்பிடும் பெரியோர், ஒரு மூலநூற் பதிப்பினை அதனைப் படித்துப் பார்த்து மதிப்பிடுமாறு வேண்டுகின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் செய்யத்தக்கது சிறிது; அதற்கு எவர் உத்தரவும் வேண்டுவதில்லை. வரும் ஆண்டின் கட்டுரைகளில், நொபிலி என்பதோடு நிறுத்தாமல், 'தூஷண திக்காரம், இராசமாணிக்கம் பதிப்பு, தூத்துக்குடி, 1964' என்று அடிக்குறிப்பில் முழுவதும் எழுதுவோமாக.