பற்றாக்குறை எந்தப் பக்கத்தில் பிறக்கிறது?

நிதிப் பற்றாக்குறை என்றதும் நம் பொருளியல் விவாதங்களில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது எப்போதும் செலவுதான். நூறு நாள் வேலையும் உணவு மானியமும் கருவூலத்தைக் காலி செய்வதாகப் புலம்புவோர், வரிக்குறைப்பால் விழுந்த பள்ளத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. கணக்கேட்டில் இரண்டும் ஒரே பள்ளம்தான்.

2019 செப்டம்பர் 20 அன்று, நாடாளுமன்றம் கூடாத வேளையில், ஓர் அவசரச் சட்டத்தின் வழியே நிறுவன வரி குறைக்கப்பட்டது. சலுகைகளைக் கைவிடச் சம்மதிக்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆயிற்று. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று மதிப்பிட்டது நிதியமைச்சகமே. அந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கை நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியதோ 60,000 கோடி. முன்னதற்குப் பெயர் சீர்திருத்தம், பின்னதற்குப் பெயர் இலவசம். வெயிலில் மண் சுமந்தவர் பெறும் கூலி எப்படி இலவசமாகும் என்பதை அகராதி தொகுப்போர்தான் விளக்க வேண்டும்.

அவ்வாண்டின் பற்றாக்குறை இலக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.3 விழுக்காடு, முடிவில் நின்றது 4.6. வளர்ச்சி ஏற்கெனவே தளர்ந்திருந்ததும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முழுப்பழியையும் பெருந்தொற்றின்மீது போடவும் இயலாது. ஊரடங்கு வந்தது மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில்.

வரியைக் குறைத்தால் தனியார் முதலீடு பெருகும் என்பது வாக்குறுதி. பெருகியது இலாபம். 2019-20 முதல் 2022-23 வரை பெருநிறுவனங்களின் வரிக்கு முந்தைய இலாபம் ஏறத்தாழ நான்கு மடங்கானது என்றும், ஆளெடுப்பும் ஊதியமும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்றும் சொல்வது இடதுசாரித் துண்டறிக்கை அன்று, அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை. இதே காலத்தில் ஒன்றிய அரசு தன் மூலதனச் செலவை, 2019-20இல் இருந்த சுமார் 3.4 லட்சம் கோடியிலிருந்து 2025-26 மதிப்பீட்டில் 11.21 லட்சம் கோடிக்கு உயர்த்த வேண்டியதாயிற்று. இதில் வியப்பில்லை. இருக்கும் ஆலையின் சரக்கே விலைபோகாதபோது, வரி குறைந்தது என்பதற்காக எவர் இன்னோர் ஆலை கட்டுவார்?

பள்ளத்தை நிரப்பியவர் யார்? 2019 ஜூலை நிதிநிலை அறிக்கையின்படி அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் நிறுவன வரி 21 பைசா, தனிநபர் வருமான வரி 16 பைசா. 2025-26இல் நிறுவன வரி 17, வருமான வரி 22. கடனின் பங்கு 20 பைசாவிலிருந்து 24 ஆகியிருக்கிறது.

கடன் கவலைக்குரியதே. செலவாகும் ரூபாயில் 20 பைசா வட்டிக்கே போகிறது. 2031 மார்ச்சுக்குள் ஒன்றிய அரசின் கடனை உற்பத்தியில் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்குக் கொணர்வதென்ற இலக்கும் தவறன்று. ஆனால் கடன் விகிதத்தின் கீழெண் நாட்டின் உற்பத்தி. கைக்கு வந்ததை அப்படியே கடைத்தெருவில் செலவிடும் ஏழையின் கூலியை வெட்டினால் அந்தக் கீழெண்ணும் சுருங்கும். மேலெண்ணைக் குறைக்க வேறு வழிகள் இல்லாமலில்லை. இந்தியாவில் 1985 வரை மரபுரிமைச் சொத்துக்கு வரி இருந்தது. 2015இல் நீக்கம் அறிவிக்கப்படும் வரை செல்வ வரியும் இருந்தது. வசூல் சொற்பம், நிர்வாகச் செலவு அதிகம் என்று சொல்லியே இரண்டையும் கைவிட்டார்கள். வசூல் ஏன் சொற்பமாக இருந்தது என்று கேட்ட தலையங்கம் அரிது.