குடும்ப முற்றம்: புதிய நகரில் இரண்டு நாள் லீவு



கல்முனையிலோ காத்தான்குடியிலோ பிறந்து வளர்ந்தவர் நீங்கள். உம்மா, ராத்தா, சாச்சி என்று வீடு நிறையச் சனம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் உங்கள் ஊர் வழக்கம். உங்களுக்கோ, கணவரின் தொழில் காரணமாகத் தெஹிவளையில் ஓர் அனெக்ஸ் என்று ஆகிவிட்டது. காலையில் அவர் வெளியே போனால் மாலையில்தான் மறுபடி ஒரு மனிதக் குரல். பக்கத்து வீட்டார் பேசுவது சிங்களம். மருந்துக் கடைக்குப் போகும் வழிகூடத் தெரியாது. இரவில் உம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது கண் கலங்குகிறது.

சனிக்கிழமை வந்தால் கணவர் களைத்துப் படுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிமாரைத் தேடிப் போகிறார். 'இந்த ஊர் எனக்குச் சரிவராது' என்ற எண்ணம் மெல்ல வேர் விடுகிறது. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. ஊர் மீது வந்த வெறுப்பு கணவர் மீது திரும்ப அதிக நாள் எடுக்காது.

சகோதரரே, இனி உங்களிடம் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் பிரயாணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் அறிவோம். அபிசீனியர்களின் ஈட்டி விளையாட்டை அன்னையவர்கள் தாமாகவே போதும் என்று நினைக்கும்வரை பார்க்க விட்டு, தாமும் நின்றார்கள். அவர்களைவிடவா நமக்கு வேலை அதிகம்? மனைவியோடு செலவிடும் பொழுது வீண் பொழுதல்ல; அது அவருடைய உரிமை.

பெரிய செலவு தேவையில்லை. சனிக்கிழமை கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார். அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கவே அது நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டது என்று சொல்லப்படுகிறது. உள்ளே, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டுத் திகதி உண்டு. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். நம் மொழி இந்த மண்ணுக்குப் புதியதல்ல என்பதைக் கல்லே சொல்லும். பிறகு பக்கத்திலுள்ள விஹாரமகாதேவி பூங்காவில், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றை நிழலில் இருந்து சாப்பிடுங்கள். லுஹருக்குத் தெவட்டகஹ பள்ளிவாசல் நடந்து போகும் தூரம்தான்.

ஞாயிறு காலை புறக்கோட்டை. அன்று கடைகளில் அநேகமானவை மூடியிருப்பதால் நெரிசல் குறைவு. தெருக்களை அடையாளம் பிடிக்க அதுதான் நல்ல நாள். இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளி நிற்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் முடித்த கட்டிடம். அதன் குவிமாடங்களில் மாதுளம்பழத்தின் சாயலைக் காணலாம்.

அஸருக்குப் பின் காலிமுகத்திடல். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அங்குள்ள நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி, தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். ஆகவே சகோதரியே, அங்கே கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்க வேண்டாம். அந்தக் கடற்காற்றில் உங்களுக்கும் பங்கு உண்டு. பட்டம் விடும் பிள்ளைகளைப் பாருங்கள், ஆளுக்கொரு இஸ்ஸோ வடை வாங்கிக்கொள்ளுங்கள், மஃரிபுக்கு நேரத்தோடு எழும்பிவிடுங்கள்.

சகோதரரே, திரும்பும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வழியை மனைவி சொல்லட்டும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸை அவரே மறிக்கட்டும். டிக்கட்டை அவரே எடுக்கட்டும். இறங்கும் இடத்தையும் அவரே சொல்லட்டும். ஓரிடம் பிழைத்தாலும் சிரிக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். நாளை நீங்கள் தொழிலில் இருக்கும் நேரம் அவருக்கோ பிள்ளைக்கோ சுகமில்லாமல் போனால், இன்று பழகிய வழிதான் கைகொடுக்கும்.

சகோதரியே, நீங்களும் அன்றைய நாளைக் குறை சொல்வதில் கழித்துவிடாதீர்கள். ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த நகரமும் தோற்றுத்தான் போகும். அடுத்த கிழமைக்கு ஓர் இடத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேச நாலு சிங்கள வார்த்தை பழகுங்கள். உம்மாவோடு பேசும்போது, 'இன்று எங்கே போனோம் தெரியுமா?' என்று தொடங்குங்கள். அங்கே அவருக்கும் நித்திரை வரும்.

இரண்டு நாளில் புதிய ஊர் சொந்த ஊராகிவிடாது. ஆனால் அங்கே சேர்ந்து நடந்த நாலு தெருக்கள் இருவருக்கும் சொந்தமாகிவிடும். மற்றத் தெருக்களையும் அல்லாஹ் இலேசாக்கித் தருவான், இன்ஷா அல்லாஹ்.