யாரை நம்புவது என்று தெரியாத வீடுகள்

எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடி, உண்ணுதல் கோளாறு, கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டி ஆகிய மூன்றுக்கும் வீட்டில் முதலில் வேறு பெயர்கள் இருக்கின்றன. நாளெல்லாம் கை கழுவும் பிள்ளை சுத்தம் பார்ப்பவன். சோற்றை ஒதுக்கும் மகள் டயட்டில் இருக்கிறாள். வகுப்பில் உட்கார முடியாத சிறுவன் சேட்டைக்காரன். நோயின் உண்மைப் பெயர் தெரியவருவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. தெரிந்த பிறகு பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: யாரை நம்புவது? அதற்குப் பொறுப்பான பதில் கிடைக்காமல் தமிழ்நாட்டின் குடும்பங்கள் தவிப்பதே இன்று நாம் எச்சரிக்கும் ஆபத்து.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநல ஆய்வு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் சிகிச்சை பெறாதவர்கள் நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகக் கண்டது. அப்போது நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. குழந்தைகளுக்கென்று தேர்ச்சி பெற்றவர்கள் அதைவிடக் குறைவு. அவர்களும் பெருநகரங்களிலேயே இருக்கிறார்கள்.

காலியாக இருக்கும் இடத்தை யாரோ நிரப்பத்தான் செய்வார்கள். மந்திரித்த கயிறு, மூளைத்திறன் பயிற்சி வகுப்பு, சில வாரச் சான்றிதழோடு தொடங்கப்பட்ட ஆலோசனை மையம் என்று பெற்றோரின் பணமும் காலமும் கரைகின்றன. மனநல மருத்துவர் மருத்துவப் பதிவு பெற்றவர். மருத்துவ உளவியலாளர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் ‘ஆலோசகர்’ என்ற பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையே நீடித்துவந்தது. அதை ஒழுங்குபடுத்த 2021-இல் வந்த சட்டத்தின் பயன், பலகையைப் பார்த்துப் படியேறும் பெற்றோரை இன்னும் எட்டவில்லை.

இந்த நோய்களில் தவறான வழிகாட்டல் தனிக் கேடு விளைவிக்கிறது. ஏனெனில் சிகிச்சையில் பாதி வீட்டில் நடக்கிறது. அடுப்பை அணைத்தாயிற்றா என்று பத்தாவது முறை கேட்கும் மகளுக்குத் தாய் பத்தாவது முறையும் ஆயிற்று என்கிறாள். அன்றைய பதற்றம் தணிகிறது. நோய்க்கு அதுவே தீனியாகிறது. அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, கழுவாமலும் சரிபார்க்காமலும் இருக்கப் பழக்குவதே ஓசிடிக்கு நிரூபணமான உளவியல் சிகிச்சை. அதில் குடும்பம் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும், எப்போது கூடாது என்பதைத் தேர்ந்தவர் ஒருவர் சொல்லித்தர வேண்டும். பாசத்தால் மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அடித்துத் திருத்தப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும்.

உண்ணுதல் கோளாறில் தவறுக்கு இடமே இல்லை. அதில் ஒரு வகையான அனோரெக்ஸியா, மனநோய்களில் மிக அதிகம் உயிர் பறிப்பவற்றுள் ஒன்று. மாதவிடாய் நிற்கிறது, இதயத் துடிப்பு மந்தமாகிறது, ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைகிறது. குடும்பமோ வயிற்றுக் கோளாறு என்று டாக்டர் மாற்றி டாக்டராக அலைகிறது. நெடுநாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாக ஊட்டுவதும் உயிருக்கு ஆபத்து என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. வளரிளம் பருவத்தினருக்கு, பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்று, மருத்துவக் கண்காணிப்போடு எடையை மீட்கும் முறை லண்டனில் உருவாகிப் பலன் தந்திருக்கிறது. அதைக் கற்றுத்தர இங்கே எத்தனை மாவட்டங்களில் ஆள் இருக்கிறார்கள் என்பதை அரசு சொல்ல வேண்டும்.

ஏடிஹெச்டியில் சிறு குழந்தைகளுக்கு முதலில் தேவை பெற்றோருக்கான பயிற்சி. வளர்ந்த பிள்ளைகளுக்கு மருந்து தேவைப்பட்டால், பரவலாக எழுதப்படும் மெத்தில்ஃபெனிடேட் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஹெச்டியின் பெயர் தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் தாய்க்கு முதலில் கிடைப்பது இந்தக் குழப்பம்தான்.

உரிமை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. குழந்தைகளுக்கான சேவையையும் குறிப்பிட்டுச் சொல்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. வெளிநோயாளியாக மாதக்கணக்கில் தொடரும் உளவியல் சிகிச்சைக்கான செலவோ பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்த மனநலக் காப்பகக் கொட்டகையில் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவிட்ட இடம் அது. நம்பத்தக்க சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது குடும்பங்கள் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தமிழ்நாடு அன்றே கண்டுவிட்டது.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சுகாதாரத்துக்கும் பள்ளிக் கல்விக்கும் தொழில்முறைப் பதிவுக்கும் பொறுப்பான அரசு அமைப்புகளே. மாவட்டந்தோறும் பதிவு பெற்ற மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் பட்டியலைத் தகுதி, பதிவு எண், கட்டணத்தோடு தமிழில் வெளியிட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பெற்றோருக்கான பயிற்சி வாரம் ஒரு நாளாவது நடக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய 14416 என்ற மனநலத் தொலைபேசி சேவை ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், அழைத்தவர் ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமையில் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். பதிவில்லாமல் சிகிச்சை நடத்துவோர் மீது சட்டப்படி நடவடிக்கை வேண்டும். வரும் ஜூனில் பள்ளிகள் திறக்கும்போது, அந்த மாவட்டப் பட்டியல் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.