முறுக்கும் மட்டன் பிரியாணியும் ஒண்ணா எசமான்?

வீட்டுல செஞ்சு விக்கிற சாப்பாடுன்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "அம்மா கையால செய்யறதுக்கு எதுக்குய்யா சர்ட்டிபிகேட்?" என்பது முதல் கோஷ்டி. "எந்த அடுப்படியில எப்படிச் செஞ்சாங்களோ, எல்லாத்தையும் இழுத்து மூடு" என்பது ரெண்டாவது. ரெண்டு பேரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்க மாட்டாங்க: சட்டியில என்ன இருக்கு?

கொடுமை என்னன்னா, நம்ம சட்டமும் அதைச் சரியாக் கேட்கலை.

1954-ல் வந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தைத் தூக்கிட்டு, 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் கொண்டு வந்தாங்க. உரிமம், பதிவு பற்றிய ஒழுங்குமுறை 2011-ல் நடைமுறைக்கு வந்தது. அதுல சிறு உணவு வணிகர்னு ஒரு வகை. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள்ள, உற்பத்தி நாளுக்கு 100 கிலோவுக்குள்ள என்று அப்போது வரம்பு வைத்தார்கள். இவங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பப் படிவத்துல வீட்டு கேண்டீன், டப்பாவாலான்னு ஒரு கட்டமே இருந்தது.

அட, இவ்வளவு சுலபமா என்று தோணுதா? அவசரப்படாதீங்க.

பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டும் தனி அளவு உண்டு. அதுவும் எண்ணிக்கைக் கணக்குதான். ஒரு நாளைக்கு 50 கோழி வரை அறுக்கிறவரும் இதே சிறு வணிகர் வகையில்தான் வர்றார்! சாயங்காலம் நாலு படி முறுக்கு சுட்டு விக்கிற அக்காவும் அதே வகை. அதே படிவம், அதே 100 ரூபாய், அதே 14 இலக்க எண். இந்த வரம்பை ஏத்தினாலும் இறக்கினாலும் என் சண்டை தீராது. பணத்தையும் எடையையும் வெச்சு ஆபத்தை அளக்கிறாங்களே, அதான் பிரச்சினை.

முறுக்குல ஈரம் கிடையாது. கிருமி வளர ஈரம் வேணும். பழைய எண்ணெயில சுட்டா காறல் அடிக்கும், வயித்தைக் கெடுக்கும், அதோட சரி. மாங்காய் ஊறுகாய்ல உப்பும் புளிப்பும் காவல் நிக்குது. ஆனா சமைச்ச சோறு? அரிசியிலே இருக்கிற பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட வித்து, சோறு வேகும்போதும் சாகாது. சோத்தை மணிக்கணக்கா வெளியே வெச்சா முளைச்சு நச்சை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்கிற அந்த நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

இதான் முதல் கோஷ்டிக்கு என் பதில். நாலு பேருக்கு வைக்கிற குழம்பு சீக்கிரம் ஆறிடும், அப்பவே தீர்ந்துடும். நாப்பது பேருக்கு வைக்கிற அண்டா ஆற நேரமாகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல நிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்குத் திருவிழா. கைப்பக்குவம் ருசிக்குத்தான் உத்தரவாதம். கிருமிக்கு அம்மாவும் தெரியாது, ஆயாவும் தெரியாது.

ரெண்டாவது கோஷ்டியில பெரும்பாலும் ஹோட்டல்காரங்க. "நாங்க வாடகை, வரி, லைசென்ஸ் எல்லாம் கட்டுறோம், இவங்க வீட்டுல உக்காந்து எங்க வியாபாரத்தை அள்ளுறாங்க"ங்கிறாங்க. நியாயம் பாதி. பிரியாணிக்கு ஹோட்டல்ல என்ன விதியோ அது வீட்டுலயும் இருக்கட்டும், ஒத்துக்கறேன். ஆனா அதைச் சொல்லி அதிரசத்தையும் ஏன் மூடச் சொல்றீங்க?

இப்போ நடக்கிறதைப் பாருங்க. பதிவு பண்ணின ஒவ்வொரு இடத்தையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்யணும்னு அந்த 2011 ஒழுங்குமுறை எழுதி வெச்சுது. உங்க தெருவுல மாவு விக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, கடைசியா எப்ப அதிகாரி வந்தார்னு. எல்லாரையும் பார்க்கணும்னு எழுதினா கடைசியில யாரையும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய பிரியாணி அண்டா தப்பிச்சுடும்.

அந்தப் பக்கம், லேபிள்ல தப்பு இருந்தா 3 லட்சம் வரை அபராதம்னு 2006 சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லுது. சின்னவங்களுக்குச் சமரசம் பண்ணிக்க 69ஆம் பிரிவு இருக்கு, உண்மைதான். அதுலயும் உச்ச வரம்பு ஒரு லட்சம். மாசம் ஐயாயிரம் மிஞ்சினா பெரிசுன்னு நினைக்கிற அக்காவுக்கு இந்த எண்ணைக் கேட்டாலே காய்ச்சல் வரும். அதனால பதிவே பண்ணாம, தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு ஒளிஞ்சு விப்பாங்க. பாக்கெட்ல தயாரிப்பாளரோட முழு முகவரி போடணும்ங்கிறது வேற. தனியா இருக்கிற பொம்பளை வீட்டு அட்ரஸை ஊருக்கே அச்சடிச்சுக் கொடுக்கணுமா? பதிவு எண்ணை மட்டும் போட்டு, முகவரியை அதிகாரி கையில வெச்சுக்கிட்டா போதாதா?

வேற வழி இருக்கான்னு கேக்கறீங்களா? அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் பண்டத்தைப் பார்த்துப் பிரிச்சுது. 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ரொட்டி, ஜாம் மாதிரி சீக்கிரம் கெடாத பண்டங்களை வீட்டுல செஞ்சு நேரா விக்க, உறுதிமொழிப் பட்டியலும் பதிவும் போதும். பாக்கெட் மேல "வீட்டுச் சமையலறையில் செய்தது"ன்னு எழுதணும். வாங்கறவன் முடிவு பண்ணிக்கட்டும்! சூடான சாப்பாட்டுக்கு 2018-ல் தனிச் சட்டம். அதுல சமையலறை ஆய்வு உண்டு, சமைச்ச அன்னிக்கே கொடுத்துடணும், நாளுக்கு 30 சாப்பாடுன்னு அப்போ வரம்பு. அங்கேயும் விற்பனை வரம்பு உண்டு. ஆனா முதல் கேள்வி பண்டம்தான்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம லிஜ்ஜத் அப்பளம். 1959-ல் மும்பையில ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பிச்சது. மாவு பிசையறது கிளையில. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இட்டுக் காயவெச்சு, கொண்டாந்து கொடுப்பாங்க. தரம் பார்த்து எடை போட்டு வாங்கறது மறுபடி கிளையில. கலவை பொது இடத்துல, கைவேலை வீட்டுல. அந்தம்மாக்களுக்குத் தெரிஞ்ச சூட்சுமம் ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா? தெரியும். 2018 தணிக்கை ஒழுங்குமுறையில பெரிய கம்பெனிகளுக்கு ஆபத்தைப் பார்த்துத்தான் தணிக்கை வெச்சாங்க. அந்தப் புத்தி சின்னவங்க வாசலுக்கு வரும்போது மட்டும் எங்கே போகுது?

நான் கேக்கறது மூணே படிங்க.

ஒண்ணு: முறுக்கு, அப்பளம், வடகம், அதிரசம் மாதிரி உலர்ந்த பண்டம். ஒரு உறுதிமொழி, ஒரு எண், கட்டணம் இல்லை, புகார் வந்தால் மட்டும் ஆய்வு.

ரெண்டு: இட்லி மாவு, மாங்காய், எலுமிச்சை ஊறுகாய். அரை நாள் பயிற்சி, ஒரு தடவை வீட்டுக்கு வந்து தண்ணியையும் பாத்திரத்தையும் பார்க்கணும்.

மூணு: சாப்பாடு, கறி, மீன், பால் பண்டம், இறால் ஊறுகாய். ஆய்வு முடிஞ்ச பிறகுதான் விற்பனை. நாளுக்கு இத்தனை சாப்பாடுன்னு வரம்பு. சமையலறையில தெர்மாமீட்டர் கட்டாயம். இதுல தயவு தாட்சண்யமே கூடாது.

இதுக்குப் புதுசா ஆள் எடுக்க வேண்டாம். முதல் படியில மிச்சமாகிற அதிகாரியோட நேரத்தை மூணாவது படிக்குத் திருப்பினா போதும். அக்கா பயமில்லாம விப்பாங்க, நாம பயமில்லாம தின்போம்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு முறுக்கு திங்கணும்னு தோணினா கம்பெனி பொறுப்பல்ல.