லிங்கின் பார்க்: பழைய பெயர், புதிய குரல்... செஸ்டரின் இடத்தில் இன்னொருவர் நிற்கலாமா?

2017 அக்டோபர் 27. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கம். மேடையில் பூச்சுற்றிய ஒரு மைக். அதன் முன்னால் யாருமே இல்லை. லிங்கின் பார்க் குழுவினர் 'நம்ப்' பாடலின் இசையை மட்டும் வாசிக்க, வரிகளை மொத்தக் கூட்டமும் பாடியது.

அந்த மைக்குக்குச் சொந்தக்காரர் செஸ்டர் பென்னிங்டன். மன அழுத்தத்தோடு நீண்ட காலம் போராடியவர், அந்த ஆண்டு ஜூலை 20 அன்று, 41 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்துடன் குழுவும் மௌனமானது.

யார் இந்த லிங்கின் பார்க்?

1996-ல் கலிஃபோர்னியாவில் பள்ளி நண்பர்கள் தொடங்கிய குழு இது. முதலில் வைத்த பெயர் 'ஸீரோ'. 1999-ல் செஸ்டர் வந்து சேர்ந்தார். மைக் ஷினோடா ராப் பாடுவார்; செஸ்டர் மென்மையாக ஆரம்பித்து அடிவயிற்றிலிருந்து அலறுவார். ராக், ராப், எலெக்ட்ரானிக் மூன்றும் கலந்த அந்தக் கலவைதான் 2000-ல் 'ஹைப்ரிட் தியரி' ஆல்பமாக வந்தது. அமெரிக்காவில் மட்டுமே 1 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. தனிமை, கோபம், வெளியே சொல்ல முடியாத வலி என்று அந்தப் பாடல்கள் பேசியதால், 'இது என் கதை' என்று கேட்டவர்கள் பலர். அதனால்தான் செஸ்டரின் மரணம் பலருக்குச் சொந்த வீட்டு இழப்பாக இருந்தது.

பூஜ்ஜியத்திலிருந்து...

2024 ஆகஸ்ட் இறுதியில் குழுவின் இணையதளத்தில் ஒரு கவுன்ட்டவுன் ஓடியது. பூஜ்ஜியத்தைத் தொட்டதும் நிற்காமல், மறுபடி மேல்நோக்கி எண்ணத் தொடங்கியது. செப்டம்பர் 5 அன்று நேரலையில் விடை கிடைத்தது. ஷினோடாவுக்குப் பக்கத்தில் நின்றவர் எமிலி ஆம்ஸ்ட்ராங், 'டெட் சாரா' என்ற ராக் குழுவின் பாடகி.

டிரம்மர் ராப் போர்டன் திரும்பவில்லை. அவர் இடத்தில் காலின் பிரிட்டன். கிட்டாரிஸ்ட் பிராட் டெல்சன் குழுவில் தொடர்கிறார், ஆனால் சுற்றுப்பயண மேடைகளில் அவருக்குப் பதில் அலெக்ஸ் ஃபெடர் வாசிக்கிறார். நவம்பர் 15-ல் வந்த புதிய ஆல்பத்தின் பெயர் 'ஃப்ரம் ஸீரோ'. குழுவின் முதல் பெயரும் அதில் இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து என்ற அர்த்தமும் இருக்கிறது.

எதிர்ப்பும் வந்தது

எல்லோரும் கைதட்டவில்லை. தந்தையின் நினைவை அழிக்கிறார்கள் என்று செஸ்டரின் மகனே சமூக வலைதளத்தில் கொதித்தார். நடிகர் ஒருவருக்கு ஆதரவாக எமிலி முன்பு நீதிமன்றம் சென்றதும் சர்ச்சையானது. அவரைத் தவறாகக் கணித்துவிட்டதாக எமிலி விளக்கம் கொடுத்தார். 'வேறு பெயரில் வந்திருக்கலாமே' என்பது ரசிகர்கள் பலரின் ஆதங்கம்.

நியாயமான கேள்விதான். ராக் உலகம் இதற்கு வெவ்வேறு பதில்களைப் பார்த்திருக்கிறது. 1994-ல் கர்ட் கோபேன் மறைந்ததும் 'நிர்வாணா' முடிந்துபோனது. அதன் டிரம்மர் டேவ் க்ரோல் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று புதிதாகத் தொடங்கினார். 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட்டை இழந்த 'ஏசி/டிசி', பிரையன் ஜான்சனுடன் அதே ஆண்டு ஜூலையில் 'பேக் இன் பிளாக்' கொடுத்து உலகையே அதிரவைத்தது. 'ஆலிஸ் இன் செயின்ஸ்' 2002-ல் லேய்ன் ஸ்டேலியை இழந்தது. அடுத்த ஆல்பம் வர 2009 ஆனது.

லிங்கின் பார்க் எடுத்துக்கொண்டது ஏழு ஆண்டுகள். செஸ்டர் மாதிரியே பாடும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது சுலபமான வழி. அதை அவர்கள் செய்யவில்லை. ஒரு பெண் குரலைக் கொண்டுவந்ததால், 'இவர்தான் புது செஸ்டர்' என்ற பேச்சுக்கே அதிக இடமில்லை. பழைய பாடல்களை எமிலி தன் குரலில் பாடுகிறார். புதிய பாடல்கள் அவர் குரலுக்காகவே பிறந்தவை. 2025 மே 31 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப்போட்டிக்கு முன் மேடையேறியதும் இந்தப் புதிய அணிதான்.

ஆனால், ஒரு பாடல் மட்டும் விதிவிலக்கு. 2017-ல் வந்த 'ஒன் மோர் லைட்'. இசை நிறுவனத்தில் தங்களோடு பணியாற்றிய ஒரு பெண்ணின் மறைவை ஒட்டி எழுதப்பட்டது; செஸ்டருக்குப் பிறகு ரசிகர்களுக்கு அது அவருக்கான பாடலாகவே மாறிவிட்டது. மேடையில் பாட முடியாத அளவுக்குச் சோகமாக இருக்கிறது என்று 2024-ல் ஷினோடா சொன்னார்.

மற்ற பாடல்களை எமிலி பாடலாம். அந்தப் பாடலில் மட்டும் செஸ்டரின் இடம் அவருக்கே!