சேலையில் சுற்றி வைத்தால் தீ அணைந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்களும் படியுங்கள். இன்றைக்கு வெளிநாட்டில் அதிகம் இருப்பது நீங்கள்தான்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "லேப்டாப், பழைய போன் ரெண்டு, பவர் பேங்க் எல்லாத்தையும் செக்-இன் பெட்டியில போடணும். உடையாம எப்படிக் கட்டறது?" அரை மணி நேரத்தில் பதினைந்து பதில்கள். பட்டுச்சேலையில் சுற்று என்றார் ஒரு அத்தை. ரெண்டு போர்வைக்கு நடுவில் வை என்றார் ஒரு சித்தப்பா. ஏர்போர்ட்டில் பெட்டி முழுக்க பிளாஸ்டிக் சுற்றித் தருவார்கள் என்றான் ஒரு தம்பி. "அதை ஏன்டா அங்கே போடுற?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆகவே நான் கேட்கிறேன்.

உங்கள் கவலையெல்லாம் பெட்டிக்குள் லேப்டாப் நசுங்கிவிடுமே என்பதுதான். நசுங்கினால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், எரியும் மெழுகுவத்தி மேல் டம்ளரைக் கவிழ்ப்போம், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். காற்று போகாவிட்டால் தீ இல்லை என்று நோட்டில் எழுதினீர்கள். லித்தியம் பேட்டரியிடம் அந்தப் பாடம் பலிக்காது. அடிபட்டோ, உள்ளே ஷார்ட் ஆகியோ ஒரு செல் சூடேறினால், உள்ளிருக்கும் வேதிப்பொருளே ஆக்சிஜனை வெளியே விடும். அந்தச் சூடு பக்கத்துச் செல்லைப் பிடிக்கும், அது அடுத்ததை. மூடி அணைக்க முடியாது, குளிர வைத்துத்தான் அடக்க வேண்டும். நீங்கள் சுற்றி வைத்த சேலை அதற்குக் கவசமா? விறகு.

2016 செப்டம்பர் 23. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானம். நம் ஊர்க்காரர்கள் மாதாமாதம் வந்து போகிற அதே வழி. நடுவானில் கருகல் வாடை. பயணிகள் சொல்ல, ஊழியர்கள் பார்த்தால் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்திலிருந்த ஒரு பையில் சாம்சங் நோட் 2 போன் புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பானை அடித்தார்கள். பிறகு அதை எடுத்துக் கழிவறையில் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை? வாடை பிடிக்க மூக்கு இருந்தது, எடுக்கக் கை இருந்தது, தண்ணீர் பக்கத்தில் இருந்தது. அதே போன் விமானத்தின் வயிற்றில், இருநூறு பெட்டிகளுக்கு நடுவே, சேலைக்குள் இருந்திருந்தால்? அங்கே புகை எச்சரிக்கைக் கருவி உண்டு, ஹாலான் வாயுவைப் பாய்ச்சவும் வழி உண்டு. துணியிலும் காகிதத்திலும் பிடித்த தீயை ஹாலான் அடக்கும். செல்லிலிருந்து செல்லுக்குத் தாவும் சூட்டை அது நிறுத்தாது.

கற்பனை செய்து பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்குப் பகுதியில் தீப்பிடித்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரிகளைச் சரக்காக ஏற்றக் கூடாது என்று உலக அளவில் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி ஏற்றக் கூடாததை நீங்கள் முந்தானையில் மறைத்து ஏற்றுகிறீர்கள்.

"பத்து தடவை கொண்டுபோனேன் டீச்சர், ஒண்ணும் ஆகலையே" என்பீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்ததே, ஒன்பது பேர் இறந்தார்களே. திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். அவர்களும் லக்னோவில் ஏறி ஒரு வாரத்துக்கு மேல் சுற்றிவிட்டுத்தான் மதுரைக்கு வந்தார்கள். அதுவரை ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த சாக்கு, எடை. "கையில ஏழு கிலோதான் விடுறான்." அந்த ஏழு கிலோவில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். பண்ருட்டி முந்திரி மூன்று கிலோ, ஊர்ப் பலகாரம் இரண்டு கிலோ. லேப்டாப் கீழே போகிறது, முந்திரி மடியில் உட்கார்ந்து போகிறது! முந்திரி தொலைந்தால் பண்ருட்டியில் மறுபடி கிடைக்கும். (கொப்பரையைப் பெட்டியில் போடாதே என்றால் மட்டும் பேசாமல் எடுத்துவிடுகிறீர்கள். தானே சூடேறும் பொருள் பட்டியலில் அது இருப்பதால்தான் அந்தத் தடை. பவர் பேங்க் என்றால் மட்டும் ஏன் இத்தனை வாதம்?)

விதி ஒன்றும் சிக்கலானது இல்லை. பவர் பேங்க், தனி பேட்டரி இரண்டும் செக்-இன் பெட்டியில் அறவே கூடாது. லேப்டாப், போன், டேப்லெட், கேமரா கையில் வர வேண்டும். வேறு வழியே இல்லாமல் கீழே போனால் முழுவதும் அணைத்திருக்க வேண்டும். மூடியை மடக்கி வைத்தால் லேப்டாப் தூங்குகிறது, அணையவில்லை.

விமான நிறுவனங்களை நான் விட்டுவிடவில்லை. மேலே இடம் நிரம்பிவிட்டது என்று கேட்டில் நிற்கும்போது உங்கள் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புகிறார்களே, அப்போது "உள்ளே பவர் பேங்க் இருக்கா?" என்று கேட்க வேண்டியது அவர்கள் கடமை. அவசரத்தில் கேட்காமல் சீட்டைக் கட்டுகிறவர்களும் உண்டு. கேட்காவிட்டாலும் நீங்கள் நிறுத்தி, எடுத்துவிட்டுக் கொடுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

"பெட்டியிலுள்ள மின்னணுப் பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று டிக்கெட் நிபந்தனையில் போடுகிறார்கள், அதையும் நம்பிவிடாதீர்கள். சர்வதேசப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியா 2009இல் சேர்ந்தது. தங்கள் பொறுப்பை அடியோடு தட்டிக்கழிக்கும் நிபந்தனை அதன்படி செல்லாது. பெட்டி இழப்புக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர், அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். ஆனால் சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். பயணியின் தவறால் சேதம் என்றால், அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்கவும் அதே ஒப்பந்தம் இடம் தருகிறது. தடை செய்த பொருளை நீங்களே உள்ளே வைத்துவிட்டு வழக்குப் போட முடியாது.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "அம்மா, போனைத் தொலைச்சிடுவீங்க, பெரிய பெட்டியிலயே போட்டுடுங்க" என்று சொல்கிறீர்கள். சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாக ராத்திரியெல்லாம் காரில் வந்து, முதல்முறையாக விமானம் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ மாற வேண்டிய அறுபத்தைந்து வயது மனுஷி அவள். கேட் மாறிவிட்டால் யாரைக் கூப்பிடுவாள், எதில் கூப்பிடுவாள்? போனை ஒரு சின்னப் பையில் போட்டு அவள் கழுத்தில் மாட்டிவிடுங்கள். காது கேட்கும் கருவியும் அவளோடுதான் இருக்க வேண்டும்.

பேட்டரி இல்லாத மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு தாராளமாகக் கீழே போகட்டும். அவற்றுக்குச் சேலையும் போர்வையும் சுற்றுங்கள், நான் எதிர்க்கவில்லை. வாங்கியபோது வந்த தெர்மோகோலோடு வைப்பது இன்னும் நல்லது. ஜாரைக் கழற்றித் தனியாக வையுங்கள். அமெரிக்காவுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள், அங்கே 120 வோல்ட். நம் மிக்ஸி முனகும், அரைக்காது.

இப்போது வீட்டுப்பாடம். உங்கள் பவர் பேங்க்கைத் திருப்பிப் பாருங்கள். அதிலுள்ள எம்ஏஹெச் எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 என்றால் 74. நூறு வரை கையில் கொண்டுபோகலாம். நூறுக்கு மேல் நூற்றறுபது வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேல் போனால் வீட்டிலேயே விடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே கூடாது, ஆகவே போனை வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை ஏர்போர்ட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கணக்கைப் போட்டு விடையைக் கீழே கமெண்டில் எழுதுங்கள், நான் திருத்துகிறேன். வழிமுறை இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது, மறந்துவிடாதீர்கள்.