மஃபால்டாப் பாண் தேடுகிற பிள்ளை

இன்றைக்குக் கொஞ்சம் நீளம். வகுப்பில் இருந்த மாதிரிப் பொறுமையாக வாசியுங்கோ.

லண்டனில் இருக்கிற என் பெறாமகள் சில மாதங்களாக ஒரு பாண் தேடுகிறாள். மஃபால்டா என்று பெயர், சிசிலித் தீவின் பாண். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும் பகிடி தொடங்கிவிட்டது. "யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இத்தாலிக்காரன்ரை பாண் என்னத்துக்கு? புட்டு அவிக்கத் தெரியாதோ?" என்று ஒருவர். பிறகு வரிசையாகச் சிரிப்புப் படங்கள். என் தங்கை மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை.

அவள் பிறந்தது பலெர்மோவில். அங்கே எங்கட சனம் நிறைய இருக்கிறது. சாந்தா ரொசாலியா மலைக்கோயிலுக்குச் சைவக்காரரும் நேர்த்தி வைத்து ஏறுகிற ஊர் அது. தங்கையும் கணவரும் விடியமுன்னம் வீட்டு வேலைகளுக்குப் போய்விடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை சில்லறையை எண்ணிக்கொண்டு கீழ்த்தெரு பேக்கரிக்குப் போகும். சுடச்சுடப் பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நுனியைக் கிள்ளித் தின்றபடி படியேறும். சட்டை முழுக்க எள்ளு. அதுதான் காலைச் சாப்பாடு, பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் அதுதான். புட்டு அவிக்க அந்த வீட்டில் ஆர் இருந்தது? பதினாலு வயதில் லண்டன் வந்துவிட்டார்கள். எனக்குப் போறணை விறகுப் புகை மணத்த றோஸ் பாண் எப்படியோ, அவளுக்கு இது அப்படி. தாய்ச் சாப்பாட்டை மறந்துவிட்டாள் என்று சொல்லுகிறவர்கள், அந்தத் தாய் அப்போது எந்த வீட்டின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று யோசிக்கவேண்டும்.

சரி, பாணுக்கு வருவோம். லண்டன் கடைகளில் "பாரம்பரிய இத்தாலியப் பாண்" என்று கேட்டால் சியபட்டாவைத்தான் எடுத்து நீட்டுகிறார்களாம். சியபட்டா 1982இல் வடக்கு இத்தாலியின் ஆட்ரியாவில் அர்னால்டோ கவல்லாரி என்பவர் உருவாக்கியது, பிரெஞ்சுக்காரரின் பகெத்துக்குப் போட்டியாக. அந்த வருடம் நான் ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைவிட இளைய பாணுக்குப் பாரம்பரியமாம்!

உண்மையில் இத்தாலியப் பாண் என்று ஒன்று கிடையாது. ஊருக்கொரு பாண். டஸ்கனியில் உப்பே போடாமல் சுடுவார்கள். ஃபெராராவில் நாலு கொம்பு முளைத்த மாதிரி முறுக்குவார்கள். அல்தமூராப் பாணின் பெயரை 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாத்தது. மேல்தோல் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கவேண்டும் என்று விதியே உண்டு. உறையவைத்து எடுத்துச் சுட்டதைப் புதுப்பாண் என்று விற்கக்கூடாது என்று 2018இல் இத்தாலி அரசு ஆணை போட்டது. எங்கட றோஸ் பாணுக்கு இப்படி ஆரும் ஒரு வரி எழுதிவைத்தார்களோ தெரியாது. அது வேறு கவலை.

அதனால் பெறாமகளிடம் சொன்னேன்: "பெயரைச் சொல்லிக் கேளாதே பிள்ளை, மாவைச் சொல்லிக் கேள்." மஃபால்டாவின் மஞ்சள் நிறம் வெள்ளை மாவில் வராது. கடினக் கோதுமை ரவையை இன்னொருமுறை அரைத்த மா வேண்டும். இத்தாலியக் கடைகளில் அது பைக்கற்றில் கிடைக்கும். குழைத்த மாவைக் கயிறாக உருட்டி, பாம்பு சுருண்ட மாதிரி மடித்து, மிச்ச நுனியை நடுவால் மேலே போட்டு, எள்ளுத் தூவிச் சுடவேண்டும். அந்த எள்ளைச் சிசிலிக்காரர் ஜுஜ்ஜுலேனா என்பார்கள். நல்லெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் ஜிஞ்ஜெலி என்று பெயர் வந்ததும் அதே அரபுச் சொல்லிலிருந்துதான். பகிடி விட்டவர்கள் கவனிக்க.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே சுட்டுப் பார்த்தாள். வடிவு சரியாம், மணம் சரியாம், தோல் மட்டும் மெத்தென்று போய்விட்டதாம். தங்கை ஒரு துண்டு தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கருக விட்டிருக்கலாம், அவன் அப்படித்தான் சுடுவான்" என்றாளாம்.

பலெர்மோவில் இருக்கிற என் பழைய மாணவர்களிடம் ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருப் பேக்கரியில் நேரே போய்க் கேளுங்கோ: மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணித்தியாலம் புளிக்கவைக்கிறார்கள், அடுப்புக்குள் நீராவி விடுகிறார்களா. எழுதி இன்பொக்ஸில் போடுங்கோ. எழுத்துப்பிழை இருந்தாலும் இந்தமுறை சிவப்புப் பேனை எடுக்கமாட்டேன்.